மூழ்கிய கப்பலும் மிதந்த நிலாவாரையும்

நீர்மூழ்கிக் கப்பலை நான் கண்ணால் பார்த்ததில்லை. படத்தில் பார்த்ததுகூட வேலையை விட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான். ஆனால் மூன்று வருடத்துக்கு மேல் அதற்குப் பயந்து, அதைத் திட்டி, அது எங்கே கிடக்கிறதோ என்று யோசித்து என் வேலையைப் பார்த்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நடுக்கடல் சப்மரீனுக்குப் பயந்த குமாஸ்தா என்று சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கே வருகிறது.

போன மாதம் ஒரு கையெழுத்துக்காக எங்கள் பழைய கிட்டங்கிக்குப் போயிருந்தேன். சரக்கு அடுக்கும் கொட்டகைகளும் ஆபீஸும் எல்லாம் சேர்ந்ததுதான் கிட்டங்கி. அனுப்பக் கட்டிவைத்த மூட்டைகளில் மையால் முத்திரை எழுதுவதை நிறுத்திவிட்டு, அச்சடித்த தாளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். “ஒங்க காலத்துல ஒரு மூட்டைக்கு நாலு பக்கமும் முத்திரை போடுவியளாமே அண்ணாச்சி, ஒரு பக்கம் போட்டாப் போதாதா?” என்று இப்போதைய ஷிப்பிங் குமாஸ்தா கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சிரிப்பு முந்திக்கொண்டது. அடக்க அடக்கப் பெருகி, கடைசியில் ஒரு பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். “எழுதியாவது தாங்க” என்றார். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் சரக்கு நிலாவாரை. வயிற்றைச் சுத்தம் செய்கிற இலை. நம் வீடுகளில் ஒரு பிடி இலையைக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு, மறுநாள் எங்கும் போகாமல் வீட்டோடு கிடப்பார்கள். நம் ஜில்லாவின் கரிசலிலும் செம்மண்ணிலும் விளைகிற இலைக்கு லண்டன் மருந்துக்கடைகளில் தனி மதிப்பு. அங்கே அதைத் திருநெல்வேலி என்ற பெயர் சொல்லித்தான் விற்றார்கள். துரைமார் வயிறு இளகுவது நம் ஊர்க்காரர்கள் கையில் இருந்தது என்று அந்தக் காலத்தில் நாங்கள் பெருமையாகப் பேசிக்கொள்வோம்.

இந்த நூற்றாண்டு பிறந்து நாலைந்து வருடம் இருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்துப் படிப்பு முடிந்த கையோடு நான் அங்கே சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் இலையோடு போயிற்று. நிழலில் காய்ந்த இலை எது, வெயிலில் கருகிய இலை எது, எதில் காம்பு கூடுதல், எதில் மண் கலந்திருக்கிறது என்று கையால் தொட்டே சொல்லப் பழகினேன். அதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தும்மலைத் தவிர.

பிறகு ஷிப்பிங் மேஜைக்கு மாற்றினார்கள். அங்கேதான் எனக்கு ஆவுடையப்ப பிள்ளை வாய்த்தார். எங்கள் ஹெட் ரைட்டர். ஒல்லியாக, நெடுக வளர்ந்த மனிதர். பேனாவின் மையைத் தம் குடுமியில்தான் துடைப்பார். அதனால் நரைத்த குடுமியின் ஒரு பக்கம் எப்போதும் நீலமாக இருக்கும். குரலை உயர்த்த மாட்டார். தப்புச் செய்துவிட்டால் காகிதத்தை நம் பக்கமாகத் திருப்பி வைத்து, அந்த எழுத்தின்மேல் சுண்டுவிரலை ஊன்றிக்கொண்டு, நாமாகக் கண்டுபிடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். எவ்வளவு நேரமானாலும் சரி. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பல் எல்லாம் இருந்ததா என்பதே எங்களுக்குள் ஒரு விவாதம்.

மூட்டை அனுப்புவதில் அவர் வைத்ததுதான் சட்டம். பொறுக்கிப் புடைத்த இலையைத் திருகு யந்திரத்தில் போட்டு, ஆறு ஆட்கள் கட்டையைச் சுற்றி அழுத்துவார்கள். ஆள் உயரக் குவியல் இடுப்பளவு மூட்டையாக இறுகிவிடும். இரட்டைச் சாக்கு. மேலே இரும்புப் பட்டை. அதன்பின் முத்திரை. சாய்சதுரத்துக்குள் ஒரு கிளி, கீழே ஆங்கிலத்தில் திருநெல்வேலி, அதற்கும் கீழே எண். வெட்டிய தகரத்தை மூட்டைமேல் வைத்து மைப் பிரஷ்ஷை ஒற்ற வேண்டும். இழுக்கக் கூடாது. இழுத்தால் கிளி காக்கையாகிவிடும். எல்லாக் கம்பெனியிலும் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம் முத்திரை இருக்கும். எங்களிடம் நாலு பக்கம். “மூட்டை எந்தப் பக்கமாப் புரண்டு கெடந்தாலும் அது யார் பிள்ளைன்னு தெரியணும் வே” என்பார்.

சரக்குக் கப்பலில் ஏறியதும் வரும் கப்பல் ரசீதில் மூன்று பிரதி உண்டு. ஒன்றைக் காட்டினால்தான் லண்டனில் மூட்டையை விடுவிப்பார்கள். மூன்றையும் ஒரே தபாலில் அனுப்பாமல் வெவ்வேறு வாரக் கப்பலில் அனுப்புவது வழக்கம். ஒன்று தொலைந்தால் மற்றொன்று போய்ச் சேரும். இதெல்லாம் சமாதான காலத்தில் வெறும் சடங்கு. ஒரு பிரதிகூடத் தொலைந்ததில்லை.

பிறகு ஐரோப்பாவில் போர் வந்தது. முதல் வருடம் சென்னையில் குண்டு விழுந்ததோடு எங்கள் பயம் அடங்கிவிட்டது. குண்டு போட்டது கடல்மேல் மிதக்கிற கப்பல், கண்ணுக்குத் தெரியும். சப்மரீன் அப்படியில்லை. அதைப்பற்றிய கதைகள் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தபோது ஊரே ஒரு விதமான கிறுகிறுப்பில் இருந்தது. சந்திப்பிள்ளையார் முக்கில் ஒருவர், அது புன்னக்காயல் முகத்துவாரம் வழியாகத் தாமிரபரணிக்குள் நுழைந்து, நாங்கள் குளிக்கிற குறுக்குத்துறைவரை வந்துவிடும் என்று சத்தியம் செய்தார். அப்போது சித்திரை மாதம்.

“ஆத்துல முழங்காலுக்குத் தண்ணி கெடக்கு. எங்கன வந்து முங்கும் வே?” என்று ஒரு குதிரைவண்டிக்காரர் கேட்டார்.

“அவன் ஜெர்மன்காரன். அவனுக்கு முழங்கால் தண்ணி போதும்.”

அன்று சிலர் குளித்துவிட்டு அவசரமாகக் கரையேறியதை நானே பார்த்தேன்.

ஆனால் கிட்டங்கியில் விஷயம் விளையாட்டாக இல்லை. வர வேண்டிய கப்பல் வராது. வந்த கப்பலில் சணலும் தோலும் தானியமும் முதலில் ஏறும். பேதி மருந்தைப் போரில் யார் தேடுவார்கள்? மத்தியதரைக் கடல் ஆபத்து என்று சில கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போயின. இன்ஷூரன்ஸ்காரர்கள் நாளுக்கொரு நிபந்தனை போட்டார்கள். மூட்டைகள் அடுக்கி அடுக்கிக் கூரையைத் தொட்டன. இலை பொறுக்கும் நாற்பது பெண்களில் முப்பது பேரை வர வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர்களிடம் சப்மரீன் என்றால் என்னவென்று விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

பிள்ளைதான் எனக்கு அதன் சூட்சுமத்தைச் சொன்னார். “நம்ம கப்பல் எல்லாத்தையும் முக்கணும்னு அவனுக்கு அவசியமில்ல வே. அங்கங்க ஒண்ணு முக்கினாப் போதும். மத்தது எல்லாம் பயந்து துறைமுகத்துலயே நின்னுக்கிடும். முங்கின கப்பலவிட நிக்குத கப்பலாலதான் நமக்கு நட்டம்.” கொஞ்ச நேரம் கூரையைத் தொட்ட மூட்டைகளைப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல் சொன்னார்: “லண்டன்காரன் வயித்தக் கட்டிப்போட்டுட்டான்.”

அந்தச் சமயத்தில் ஓர் உத்தரவு வந்தது. கப்பலின் பெயர், புறப்படும் நாள், மூழ்கினால் மூழ்கிய சேதி எதையும் தந்தியிலோ கடிதத்திலோ வாய்ப்பேச்சிலோ வெளிப்படுத்தக் கூடாது. பகைவன் காதில் விழுந்துவிடும். உத்தரவு என்றால் பிள்ளைக்கு வேதம். ஆனால் தூத்துக்குடியில் இருந்த எங்கள் ஆளுக்கு எந்தக் கப்பலுக்கு எப்போது மூட்டை அனுப்புவது என்று சொல்லியாக வேண்டுமே! மூன்று நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கப்பல்களை எல்லாம் தம் பெண்களாக்கிவிட்டார்.

“மூத்தவள் செவ்வாய்க்கிழமை புகுந்த வீடு புறப்படுகிறாள். சீர்வரிசையை முந்தின நாளே அனுப்பவும்.” “இரண்டாமவளுக்கு உடம்பு சரியில்லை. கொழும்பிலேயே தங்கிவிட்டாள்.” இப்படித் தபால் அட்டை அட்டையாக எழுதினார். அசலில் அவருக்கு நாலும் ஆண் பிள்ளைகள்.

தபால் ஆபீஸில் வேலை பார்த்த ஒருவர் இதையெல்லாம் படித்துவிட்டு, பிள்ளைவாளுக்கு இத்தனை பெண்களா என்று மலைத்துப்போயிருக்கிறார். ஒரு நாள் காலையில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கல்யாணத் தரகர் ஒருவர் கையில் ஜாதகக் கட்டோடு கிட்டங்கிக்கே வந்துவிட்டார்.

“ஒங்க அஞ்சாவது பொண்ணுக்குத் தோதா மூணு எடம் இருக்கு பிள்ளைவாள். ஆனா ஒரு கேள்வி. மூத்த பொண்ணு போன மாசந்தான புகுந்த வீடு போனா, இந்த மாசம் திரும்பவும் போறாளே, முதல் எடத்துல என்ன தகராறு?”

நான் மேஜைக்கு அடியில் குனிந்து பென்சிலைத் தேடினேன். பென்சில் என் காதில் இருந்தது. பிள்ளை உத்தரவை மீறவில்லை. பொய்யும் சொல்லவில்லை. “அவ பெரிய எடத்துப் பொண்ணு. போவா, வருவா. நீர் போய்ட்டு வாரும்” என்று மட்டும் சொன்னார்.

இனி மிக்கேலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகளில்தான் மூட்டையைக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். எங்கள் மூட்டைகளை ஏற்றிய தண்டல் புன்னக்காயல் மிக்கேல். நாலு ஆள் சத்தத்தை ஒரே தொண்டையில் வைத்திருப்பார். போரில் கப்பல் குறைந்து தோணி வேலையும் படுத்துவிட்டதால், பெரிய கப்பலிலேயே மாலுமியாகச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்தார். ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்டு என்னிடம் வந்தார்.

அவர் மனைவி ரோசம்மா வாராவாரம் பாளையங்கோட்டைச் சந்தைக்குக் கருவாடு கொண்டுவருவாள். விஷயம் தெரிந்ததும் நேரே என் மேஜைக்கு வந்தாள்.

“எழுதாதிய அண்ணாச்சி. கடலுக்கு மேல வாரதெல்லாம் அவியளுக்குத் தெரியும். அடியில வாரது தெரியாது.”

நான் எழுதிக் கொடுத்தேன். மிக்கேல் அவ்வளவு ஆசைப்பட்டார். என் ஆங்கிலத்தை யாராவது கேட்டு வாங்கினால் எனக்கும் ஒரு குஷி. கொழும்பிலிருந்து அவர் எழுதிய கடிதத்தை ரோசம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அவர் ஏறிய கப்பலிலேயே எங்கள் மூட்டைகளும் போகின்றன என்று எழுதியிருந்தார். கப்பலில் மற்ற மாலுமிகள் எல்லாம் வங்காளத்துப் பக்கம், தமிழ் பேச ஓர் ஆள் இல்லை, அதனால் சாப்பாட்டுத் தட்டோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்றும் இருந்தது. ரோசம்மா சிரித்தாள். “தட்டு பாவம்” என்றாள்.

நாற்பது நாள் கழித்து லண்டனிலிருந்து, சர்க்கார் அனுமதியோடு, தந்தி வந்தது. பிள்ளை அதைப் படித்தார். வழக்கம்போல என் பக்கமாகத் திருப்பி வைத்து, ஒரு சொல்லின்மேல் சுண்டுவிரலை ஊன்றினார். அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். கப்பல் மத்தியதரைக் கடலில் சப்மரீனால் மூழ்கடிக்கப்பட்டது. மூட்டைகள் போயின. ஆட்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

“மூணாவது பொண்ணு போய்ச் சேரலைன்னு தூத்துக்குடிக்கு எழுதும்” என்றார். அந்த விளையாட்டுப் பாஷை அன்றைக்குக் கசந்தது.

“ரோசம்மா வருவாளே ஐயா. நான் என்ன சொல்ல?”

“சர்க்கார் வெளியிடுதவரைக்கும் வாயத் தெறக்கக் கூடாது. சேதி இல்லைன்னு சொல்லும். ஆளைப்பத்தி நமக்குச் சேதி இல்லதான. அது பொய்யில்ல.”

அவள் வந்தாள். “சேதி உண்டா அண்ணாச்சி?” என்றாள். “இல்லை” என்றேன். அடுத்த வாரமும் வந்தாள். அதற்கு அடுத்த வாரமும் வந்தாள். போகும்போது எனக்கென்று ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு வைத்துவிட்டுப் போவாள். வீட்டில் என் மனைவி அதை வறுத்து வைத்தால், பல்வலி என்று சொல்லி எழுந்துவிடுவேன். சிபாரிசுக் கடிதத்தின் நகல் ஆபீஸ் நகல் புத்தகத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை திறந்து பார்த்திருப்பேன் என்று தெரியாது. என் கையெழுத்து மிக அழகாக இருந்தது. அதுதான் இன்னும் வதைத்தது.

இப்படிப் பத்து வாரம் போயிற்று. பதினோராவது வாரம் தபால்காரர் சிரித்துக்கொண்டே ஒரு கனத்த உறையைக் கொண்டுவந்து போட்டார். மேல் விலாசத்தில் கம்பெனிப் பெயர் இல்லை. சாய்சதுரத்துக்குள் யாரோ கையால் ஒரு கிளி வரைந்திருந்தார்கள். பக்கத்தில் ஆங்கிலத்தில், “இந்தக் கிளிக்கு உரிய வியாபாரிகள், திருநெல்வேலி, இந்தியா.”

எழுதியவர் கிரேக்கத் தீவு ஒன்றில் இருந்த பிரிட்டிஷ் சர்க்கார் அதிகாரி. மிகவும் கோபமாக எழுதியிருந்தார். பிள்ளை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தமிழில் சொல்லிக்கொண்டே படித்தார்.

அந்தத் தீவின் கரையில் சில மூட்டைகள் ஒதுங்கினவாம். மேல் சாக்கு நைந்து மூன்று பக்கம் எழுத்து அழிந்துபோயிருந்ததாம். நாலாவது பக்கத்தில் கிளியும் ஊர்ப் பெயரும் தெரிந்தனவாம். மூட்டையை வெட்டினால் வெளியே இருந்த இலைதான் நனைந்திருந்தது, நடு இலை காய்ந்தே இருந்ததாம். இந்தியாவிலிருந்து வந்த இலை. கிராமத்தார் வேறு என்ன நினைப்பார்கள்? தேயிலை என்று நினைத்தார்கள்.

பிள்ளை படிப்பதை நிறுத்தினார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தொடர்ந்து படித்தார்.

போர்ப் பஞ்சத்தில் இப்படி ஒரு வரம் வந்ததென்று அண்டா அண்டாவாகக் கொதிக்கவைத்து ஊரே குடித்ததாம். பாதிரியார் மூன்று கோப்பை. பள்ளிக்கூட வாத்தியார் நாலு. விடிந்ததும் அந்தக் கிராமத்தில் பூசை நடக்கவில்லை, பள்ளிக்கூடம் திறக்கவில்லை, படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. ஊரில் இருந்த புதர்கள் போதவில்லை என்று அதிகாரி குறித்திருந்தார். இது விஷமா, பகைவன் செய்த சூழ்ச்சியா, மாற்று மருந்து என்ன என்று உடனே தெரிவிக்கும்படி கேட்டிருந்தார்.

கடைசிப் பத்தியில்தான் விஷயம் இருந்தது. மூழ்கிய கப்பலிலிருந்து ஒரு படகில் தப்பிய பதினோரு இந்திய மாலுமிகள் அதே தீவில் கரையேறி நலமாக இருக்கிறார்களாம். அவர்களில் ஒருவன் மறுநாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஓடி ஒரே சொல்லைக் கத்தினானாம். ஊராரை எச்சரித்தான் போலிருக்கிறது, யாருக்கும் புரியவில்லை. அவன் சக மாலுமிகளுக்கும் அந்தப் பாஷை தெரியவில்லை. அந்தச் சொல்லைக் காதில் விழுந்தபடியே அதிகாரி ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்.

பிள்ளை கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்துக் கூட்டினார். “பே... டி. பேடியா? பேடின்னா கோழைன்னுல்ல அர்த்தம். ஊர்க்காரனை எல்லாம் கோழைன்னு ஏசியிருக்கான் போல.”

நான் நாற்காலி சாய எழுந்தேன்.

“ஐயா, பேடி இல்ல! பேதி! பேதின்னு கத்தியிருக்காரு! அந்தக் கப்பல்ல தமிழ் தெரிஞ்சது மிக்கேல் ஒருத்தர்தான். நிலாவாரை தெரிஞ்சதும் அவர் ஒருத்தர்தான்!”

பிள்ளை அந்தச் சொல்லை மறுபடி பார்த்தார். “பேதி” என்றார் மெதுவாக. இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக, “பேதி!” என்றார். அவர் தோள் குலுங்கியது. கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. அப்புறம் வாயைத் திறந்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், பல் எல்லாம் இருந்தன! இலை பொறுக்கிக்கொண்டிருந்த பத்துப் பெண்களும் முறங்களோடு ஓடிவந்து வாசலில் நின்றார்கள். ஹெட் ரைட்டர் மேஜையைத் தட்டிக்கொண்டு “பேதி, பேதி” என்று கத்துவதையும், பக்கத்தில் நான் கண்ணீர் வழிய நிற்பதையும் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் சேர்த்து வைத்தியரைக் கூப்பிட ஒருத்தி கிளம்பிவிட்டாள்.

அதிகாரிக்குப் பதிலை அன்றே எழுதினோம். விஷமல்ல, உயர்ந்த மருந்து, அளவு மீறிவிட்டது, தயிரும் குழைந்த சோறும் கொடுக்கவும் என்று பிள்ளை சொல்லச் சொல்ல எழுதினேன். கடிதம் போய்ச் சேருமுன் ஊர் தேறியிருக்கும் என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் போட்டாக வேண்டும்.

“ரோசம்மாகிட்ட?” என்றேன்.

அவர் உத்தரவுக் காகிதத்தை எடுத்து வரி வரியாகப் படித்தார். “கப்பல் முங்கினதச் சொல்லக் கூடாதுன்னு இருக்கு. ஒருத்தன் உசிரோட இருக்கான்னு சொல்லக் கூடாதுன்னு எங்கயும் போடலை. அடுத்த சந்தைவரைக்கும் அவ காத்துக் கெடக்கவா? கிளம்பும், போவோம்.”

விடிந்ததும் குதிரைவண்டியில் புறப்பட்டோம். ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி மாற்றினோம். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டி ஆறு அகன்று உப்புக் காற்று அடிக்கத் தொடங்கும்வரை பிள்ளை அவ்வப்போது தனக்குள் குலுங்கிக்கொண்டே வந்தார். பிற்பகல் சாய்ந்த நேரத்தில் புன்னக்காயல் மணலில் இறங்கினோம். தலைப்பாகையும் கோட்டும் போட்ட ஒரு மனிதர் மீன் வலைகளுக்கு நடுவே நடந்துவருவதைப் பார்த்து ஊரே வேலையை விட்டுவிட்டுக் கூடியது.

ரோசம்மா பாயில் மீனைப் பரப்பிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். பிள்ளை வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னார்.

“அம்மா, ஒன் வீட்டுக்காரர் நல்லா இருக்கார். பொழச்சுக்கிட்டார்.”

“எதுல இருந்து பொழச்சாவ?”

பிள்ளைக்கு அதற்கு மேல் வாக்கியம் இல்லை. என்னைப் பார்த்தார். ரோசம்மா என் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

“கப்பலு முங்கிட்டு, அப்படித்தான அண்ணாச்சி? எனக்குத் தெரியும். பத்து வாரமா நீங்க எம் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசல. கருவாட்டப் பாத்துல்ல பேசினிய.”

“தெரிஞ்சா ஏன் என்கிட்ட கப்பலப் பத்தி நேராக் கேக்கல?”

“கேட்டா நீங்க சொல்லிப்போட்டியன்னா?” என்றாள். “சேதி இல்ல, சேதி இல்லன்னு நீங்க சொல்லுதவரைக்கும் இன்னொரு வாரம் நம்பிக்கிட்டு இருந்துக்கிடலாம்லா.”

சொல்லிவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கடிதத்தில் இருந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கப்பல், படகு, தீவு, மூட்டை, அண்டா. உத்தரவு எங்கே போயிற்றோ தெரியாது. பிள்ளை என்னைத் தடுக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு வந்தபோது முந்தானைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன். முந்தானை விலகியது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அவிய தொண்டைதான்! அது அவிய தொண்டையேதான்! எப்படிக் கத்தினாவளாம்?”

அப்போதுதான் அது நடந்தது. பாளையங்கோட்டைக் கிட்டங்கி ஹெட் ரைட்டர் ஆவுடையப்ப பிள்ளை, தலைப்பாகையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தார். புன்னக்காயல் கடற்கரை மணலில் இந்தப் பக்கம் நாலடி, அந்தப் பக்கம் நாலடி ஓடி, “பேதி! பேதி!” என்று கத்தினார். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பிந்தி வந்தவர்கள் தங்களுக்கும் காட்ட வேண்டும் என்றார்கள். மறுபடி காட்டினார். கோயில் வாசலிலிருந்து வந்த கிழவிகளுக்காக ஒரு முறை, படகிலிருந்து இறங்கியவர்களுக்காக ஒரு முறை. ஏழு முறை என்று எண்ணினேன். ஏழாவது முறை அவர் ஓட்டம் மிகவும் தேறியிருந்தது.

திரும்பும் வழியில் வண்டியில் ஏறியதும் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, “ஆபீஸ்ல இதச் சொல்லாதியும் வே” என்றார். முப்பது வருடம் நான் சொல்லவில்லை.

ஐந்து மாதம் கழித்து மிக்கேல் வந்து சேர்ந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். தொண்டை மெலியவில்லை. அவரும் ரோசம்மாவும் கிட்டங்கிக்கு வந்தபோது, வேலைக்குத் திரும்ப அழைக்கப்பட்ட பெண்களும் சேர்ந்து எல்லாரும் சுற்றி நின்றார்கள். கப்பல்கள் அப்போது கூட்டமாக, போர்க்கப்பல் காவலோடு போகத் தொடங்கியிருந்தன. மூட்டைகளும் கூரையைவிட்டு இறங்கத் தொடங்கியிருந்தன. பிள்ளை பழைய பிள்ளையாக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“வேத்து நாட்டுல, தன் கஷ்டத்த நினைக்காம, ஒரு ஊரையே எச்சரிச்சீரே. பெரிய காரியம் பண்ணினீர்” என்றார்.

மிக்கேல் விழித்தார். “யாரு எச்சரிச்சா?”

“நீர்தான். வீடு வீடா ஓடி, பேதி பேதின்னு.”

“அய்யா, நான் எங்க எச்சரிச்சேன்!” என்றார் மிக்கேல். “ரெண்டு நாளாப் படகுல நனைஞ்சு வெறச்சுப்போய்க் கரையேறினோம். அந்த ஊர்ப் பொம்பளைக சுடச்சுட ஒரு தண்ணியக் கொண்டாந்து தந்தாவ. குளிர்ல ருசி தெரியல. முதச் சொம்பு நாந்தான் வாங்கிக் குடிச்சேன். அவிய இன்னும் குடி, இன்னும் குடின்னு ஊத்துதாவ. காலையில வயித்துக்குள்ள சப்மரீன் வெடிச்ச மாதிரி ஆயிட்டு. ஒதுங்க எடங் கேட்டு வீடு வீடா ஓடினேன். ஒவ்வொரு வீட்டுலயும் அவியளே உள்ள இருக்காவ!”

பெண்கள் முறங்களைக் கீழே போட்டுவிட்டார்கள். ரோசம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, குடுமியில் பேனாவைத் துடைத்து, ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து முன்னால் வைத்தார். கடல் தண்ணீரில் கிடந்த சரக்கைப் பற்றி லண்டனுக்கு ஓர் அறிக்கை பாக்கி இருந்தது.

“சரி. தண்டல், நீர் நேர்ல பாத்தவர். ராவும் பகலும் உப்புத் தண்ணியில கெடந்த மூட்டை. இலையோட தரம் எப்படி இருந்துச்சு?”

மிக்கேல் கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் யோசித்து, மரியாதையாகப் பதில் சொன்னார்.

“ஒரு கொறையும் இல்லைன்னு எழுதுங்க அய்யா.”